பிரேசர் மலை கோல்ஃப் திடல்: புல்லுக்கு அடியில் ஈய லம்பம்

மலேசியாவில் கோலகுபு பாருவில் இருக்கும் மாமாவைப் பார்க்கப் போனால் பிரேசர் மலைக்கும் ஒரு நடை போய்விட்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம். சிங்கப்பூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, சோதனைச்சாவடியில் அதிக நேரம் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தால், மதியச் சாப்பாடு மாமா வீட்டில். மறுநாள் மலை. அப்படி ஒருமுறை போனபோது மணிக்கூண்டுப் பக்கம் நின்று, கீழே கிண்ணம் போல விரிந்து கிடந்த பச்சைத் திடலைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு அழகா மட்டம் பண்ணி வெச்சிருக்காங்க மாமா" என்றேன். "மட்டம் பண்ணினவன் கோல்ஃப் ஆடறதுக்காகப் பண்ணலடா, அது லம்பம்" என்றார்.

லம்பம் என்றால் ஈயம் தோண்டுகிற இடம். லொம்போங் என்ற மலாய்ச் சொல்தான் மலேசியத் தமிழர் வாயில் லம்பம் ஆனது. தமிழ்நாட்டில் ஈயம் என்றால் வேறு உலோகமும் நினைவுக்கு வரலாம், இங்கே ஈயம் என்றால் வெள்ளீயம், தகர டப்பாவுக்குப் பூசுகிற சரக்கு. பிரேசர் மலையின் பழைய கோல்ஃப் திடல் கைவிடப்பட்ட ஓர் ஈயச் சுரங்கத்தின்மேல்தான் இருக்கிறது. இது ரகசியமெல்லாம் இல்லை, மலையைப் பற்றிய குறிப்புகளில் ஒரு வரியாக வந்துவிடும். ஆனால் அந்த ஒரு வரியோடு எல்லாரும் நகர்ந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். அந்தத் திடல் ஏன் அங்கே இருக்கிறது, ஏன் ஒன்பது குழிகள் மட்டும், யார் நிலத்தைத் தட்டையாக்கினார்கள், யார் அதன்மேல் ஆடினார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் எல்லாக் கேள்வியும் அந்தச் சுரங்கத்து மண்ணில்தான் போய் நிற்கிறது.

முதலில் பிரேசர் யார் என்று பார்த்துவிடலாம். லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் ஸ்காட்லாந்துக்காரர். 1890களில் பகாங்குக்கும் சிலாங்கூருக்கும் நடுவே இருந்த இந்த மலைக்கு வந்தார். அந்தச் சமயத்தில் மலைக்கு அந்தப் பக்கம் ரவூப்பில் தங்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், இந்தப் பக்கம் கோலகுபுவில் ஈயம். நடுவில் சரியான சாலை கிடையாது, எதுவானாலும் கோவேறு கழுதை முதுகில்தான் போக வேண்டும். பிரேசர் அந்தக் கழுதைச் சுமைத் தொழிலையும் பார்த்தார், மலைமேல் ஈயக்கல் கிடைப்பதைக் கண்டு அதையும் எடுக்க ஆரம்பித்தார். தோண்டியவர்கள் சீனத் தொழிலாளிகள். அங்கே சூதாட்டக் கொட்டகையும் அபின் கடையும் வைத்திருந்தார் என்று ஒரு கதை எல்லாரும் சொல்வார்கள். அப்புறம் ஒருநாள் மனிதர் மறைந்தே போனார். எங்கே போனார், எப்படிச் செத்தார், எதுவும் தெரியவில்லை. பெயர் மட்டும் மலைக்கு ஒட்டிக்கொண்டது.

அவரைத் தேடிக்கொண்டு 1917இல் மலையேறியவர் நம் ஊர்க்காரர் என்றே சொல்லலாம். சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் ஆயர் சார்ல்ஸ் ஜேம்ஸ் பெர்குசன் டேவி. சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கத்தில் வெள்ளையாக நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் ஆயர். பிரேசர் கிடைக்கவில்லை, ஆனால் குளிர்ந்த காற்றும் கைவிடப்பட்ட சுரங்கமும் கிடைத்தன. இந்த இடம் ஓய்வுத்தலத்துக்குச் சரிப்படும் என்று அவர் திரும்பி வந்து எழுதிக் கொடுத்ததிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். 1919இல் வேலை தொடங்கி 1922இல் மலைவாசத்தலம் திறக்கப்பட்டது. ஆயர் பாதை என்று ஒரு காட்டுப்பாதை இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

மலைவாசத்தலம் என்ற யோசனையே காலனிக்கால வெள்ளைக்காரர்களின் பயத்தில் பிறந்தது. வெயிலில் தொடர்ந்து இருந்தால் உடம்பும் மனசும் கெட்டுவிடும் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். மலேரியா பயம் வேறு. இங்கிலாந்துக்கு விடுப்பில் போய்வர கப்பலில் வாரக்கணக்கில் ஆகும். அதனால் எட்டுகிற தூரத்தில் ஒரு சின்ன இங்கிலாந்தை உண்டாக்கிக்கொண்டார்கள். பினாங்கு மலை, தைப்பிங்குக்கு மேலே மெக்ஸ்வெல் மலை, பிறகு பிரேசர் மலை, அதற்கப்புறம் கேமரன் மலை. இந்தியாவிலும் இலங்கையிலும் இதே கதைதான், ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா. நுவரெலியாவில் 1889இல் கோல்ஃப் கிளப் வந்துவிட்டது, கொடைக்கானலில் 1895இல். கல்வீடு, கணப்பு அடுப்பு, ரோஜாச் செடி, தேவாலயம், கோல்ஃப் என்று எல்லா மலையிலும் அதே ஜாபிதா.

இந்த ஜாபிதாவில் கோல்ஃப்தான் கஷ்டமான சாமான். வீட்டை மலைச்சரிவில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டவைக்கலாம். கோல்ஃபுக்குப் பரந்த நிலம் வேண்டும். 18 குழித் திடல் ஒன்றுக்குச் சாதாரணமாக 50, 60 ஹெக்டேர் ஆகும், அதுவும் ஓரளவு சமமாக, தண்ணீர் வடிகிற மாதிரி. தித்திவாங்சா மலைத்தொடரில் அப்படி ஒரு நிலத்தை எங்கே தேடுவது? எல்லாம் செங்குத்துச் சரிவு, கருங்கல், அடர்ந்த காடு. இன்றைக்கு இருக்கிற மண்வாரி இயந்திரம் எதுவும் 1919இல் அந்த மலைக்கு ஏறியிருக்க முடியாது. இங்கேதான் பிரேசரின் லம்பம் கைகொடுத்தது.

மலைப்பக்கங்களில் அந்தக் காலத்தில் ஈயம் எடுத்த முறையை மாமா எனக்குக் கையால் வரைந்து காட்டினார். மேலே ஓடுகிற ஓடையை மறித்து, ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீரைச் சரிவின்மேல் திருப்பிவிடுவார்கள். தொழிலாளிகள் கடப்பாரையாலும் சங்கோல் என்கிற மண்வெட்டியாலும் மண்ணை இடித்துத் தள்ள, தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு மரத்தொட்டி வழியாக ஓடும். ஈயக்கல்லுக்குத் தண்ணீரைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு எடை, மணலுக்கு இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். அதனால் ஈயக்கல் தொட்டியின் அடியில் தங்கிவிடும், மணலும் களிமண்ணும் அடித்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் படியும். வருஷக்கணக்கில் இப்படிச் செய்தால் என்ன ஆகும்? மேடு கரைந்து இறங்கும், பள்ளம் நிரம்பி ஏறும். கடைசியில் ஈயம் தீர்ந்து ஆட்கள் போனபிறகு, மலைக்கு நடுவே வெள்ளை மணலும் சரளைக்கல்லும் பரப்பிய, மரமே இல்லாத ஒரு தட்டையான நிலம் மிஞ்சும். விவசாயத்துக்கு அது பிரயோசனமில்லை, மேல்மண்ணெல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும். கோல்ஃபுக்கோ மரம் வெட்டுகிற வேலை மிச்சம், மணல்தரை என்பதால் மழை பெய்தாலும் தண்ணீர் இறங்கிவிடும். மேலே மண் போட்டுப் புல்லைப் பிடிக்க வைத்தால் போதும்.

அதனால்தான் அந்தத் திடலின் உருவம் அப்படி இருக்கிறது. சுற்றிலும் மேடு, நடுவில் தாழ்வு, ஊருக்கு நடுவிலேயே ஒரு கிண்ணம். பங்களாக்கள் மேட்டில், சாலை விளிம்பில், எங்கே நின்றாலும் திடல் கண்ணில் படும். ஊரை வடிவமைத்துவிட்டு அதற்குள் திடலைப் பொருத்தவில்லை, சுரங்கம் விட்டுப்போன குழியைச் சுற்றித்தான் ஊர் வளர்ந்தது. ஒன்பது குழிகளோடு நின்றுபோனதற்கும் காரணம் அதுவேதான். பிரேசரின் ஆட்கள் தோண்டிய அளவுதான் தட்டை நிலம். 18 ஆட வேண்டும் என்றால் அதே ஒன்பதையே இரண்டு முறை சுற்றிவர வேண்டியதுதான்.

ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைத்திடலில் பந்து நம்மூர்த் திடலில் போவது மாதிரி போகாது. பிரேசர் மலை 1,200 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 10 விழுக்காடு குறைவு, பந்தைத் தடுக்கிற காற்று குறைவதால் ஓங்கி அடித்த பந்து கொஞ்சம் கூடுதலாகப் பறக்கும். ஆனால் குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதனால் உயரம் கொடுத்ததில் ஒரு பங்கைக் குளிர் திருப்பி வாங்கிக்கொள்ளும். இதையெல்லாம் கணக்குப் போட்டு நிற்கும்போதே மூடுபனி இறங்கிவிடும். கொடி நிற்கிற இடமே தெரியாது. நான் பார்த்தபோது வயதான ஒருவர் பனி விலகட்டும் என்று மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பொறுமையாக, பத்து நிமிஷத்துக்குமேல் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அவசரமே இல்லை. சின்னத் திடலில் அதுதான் சுகம்.

சரி, கிளப் என்கிற விஷயத்துக்கு வருவோம். கோல்ஃப் கிளப் என்பது அந்தக் காலத்தில் விளையாடுகிற இடம் மட்டுமல்ல, யார் உள்ளே யார் வெளியே என்று கோடு போடுகிற இடம். இதைப் புரிந்துகொள்ள மலைக்குப் போகவே வேண்டாம், நம் லிட்டில் இந்தியாவே போதும். சிங்கப்பூரின் முதல் கோல்ஃப் கிளப் 1891இல் தொடங்கியது எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஃபேரர் பார்க்கில், அப்போது அங்கிருந்த குதிரைப் பந்தயத் திடலுக்குள்ளே. அங்கேயும் ஒன்பது குழிகள்தான். நாம் வாழையிலை போட்டு மீன்தலைக் கறி சாப்பிடுகிற ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அந்தப் பெயர் வந்ததே அந்தப் பந்தயத் திடலால்தான். சிராங்கூன் சாலைத் தமிழர்களின் வீட்டு வாசலில் இருந்த கிளப் அது, உறுப்பினர்களோ ஐரோப்பியர்கள். 1924இல் அந்த கிளப் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. ஆசியர்களும் உறுப்பினராகக்கூடிய ஐலண்ட் கிளப் 1932இல் திறந்தது, அதைச் செய்வதற்கே நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது. இரண்டும் 1963இல் ஒன்றாக இணைந்ததுதான் இன்றைய சிங்கப்பூர் ஐலண்ட் கன்ட்ரி கிளப்.

மலைமேலும் அதே நடைமுறைதான். பங்களாக்கள் அரசாங்கத்துடையவை அல்லது பெரிய கம்பெனிகளுடையவை. தங்க வந்தவர்கள் அதிகாரிகள், தோட்டத்து துரைமார், அவர்கள் குடும்பம். பிற இனத்தவர் அங்கே இல்லாமல் இல்லை, நிறைய இருந்தார்கள், சமைக்க, தோட்டம் பார்க்க, பை தூக்க, புல் வெட்ட.

அப்புறம் சாலை போட. கோலகுபுவிலிருந்து கேப் என்கிற மலைக்கணவாய் வரைக்கும் ஏறி, கேப்பிலிருந்து எட்டு கிலோமீட்டர் வளைந்து வளைந்து உச்சிக்குப் போகிற அந்தச் சாலை ஒற்றை வண்டி மட்டும் போகிற அகலத்தில் இருந்ததால்தான், ஒற்றைப்படை மணிக்கு ஏறலாம், இரட்டைப்படை மணிக்கு இறங்கலாம் என்று கேட் போட்டுப் பல காலம் ஓட்டினார்கள். அந்த வளைவுகளில் காரில் உட்கார்ந்து போகும்போது ஒருபக்கம் பாறைச்சுவர், ஒருபக்கம் அதலபாதாளம். இதை யார் வெட்டினார்கள்? மலாயாவின் பொதுப்பணித் துறையும் ரயில்வேயும் அந்தக் காலத்தில் நம்பியிருந்தது தென்னிந்தியக் கூலிகளைத்தான், அதிலும் பெரும்பகுதி தமிழர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் தனிமைப்படுத்தும் தீவில் இருந்துவிட்டு, கங்காணியின் பின்னால் வந்தவர்கள். 1938இல் இந்திய அரசு அந்த ஆள்கட்டலை நிறுத்தும்வரை அலை அலையாக வந்தார்கள். என் தாய்வழிக் கொள்ளுத்தாத்தா ரோட்டு வேலைக்கு வந்தவர் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். எந்த ரோடு என்று யாருக்கும் தெரியாது. மாமா மட்டும் கேப் சாலையில் போகும்போதெல்லாம் ஜன்னலை இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் வருவார்.

ஆயருக்குப் பாதை இருக்கிறது. திடலுக்கு மேலே போகிற காட்டுப்பாதைக்கு ஹெம்மன்ட் என்று இன்னொரு வெள்ளைக்காரர் பெயர். காணாமல் போனவருக்கு மலையே இருக்கிறது. மண்ணைக் கரைத்துத் தட்டையாக்கிய சீனர்களுக்கும் சாலையை வெட்டிய தமிழர்களுக்கும் ஒரு வளைவுக்காவது பெயர் வைத்திருக்கலாம், நான் இதை மனதாரச் சொல்கிறேன்.

லம்பத்தின் சேறு எல்லா இடத்திலும் இப்படிப் புல்தரையாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாமா இருக்கிற ஊரின் பெயரிலேயே பாரு இருக்கிறது, பாரு என்றால் புதுசு. பழைய கோலகுபுவில் 1883இல் ஓர் அணை உடைந்து ஊரே அடித்துக்கொண்டு போனது. அதற்கப்புறமும் தப்பவில்லை, சிலாங்கூர் ஆற்றின் மேல்பக்கத்து லம்பங்களிலிருந்து இறங்கிய மண் ஆற்றின் படுகையை வருஷாவருஷம் உயர்த்திக்கொண்டே வந்தது, மழை பெய்தால் ஆறு ஊருக்குள். 1926 வெள்ளத்துக்குப் பிறகு ஊரையே கைவிட்டுவிட்டு வேறிடத்தில் புது ஊர் கட்டினார்கள். மலைமேல் கனவான்கள் பந்தடித்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில் கீழே ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். பிரேசரின் லம்பத்துச் சேறு அந்த ஊரை மூழ்கடிக்கவில்லை, அது வேறு லம்பங்களின் சேறு. ஆனால் தொழில் ஒன்றுதான்.

1951 அக்டோபர் 6ஆம் தேதி பிரேசர் மலையின் பெயர் உலகச் செய்தியானது. பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி வார இறுதி ஓய்வுக்காக மனைவியோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கேப்புக்கு முன்னால் ஒரு வளைவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் காத்திருந்தார்கள். சுட ஆரம்பித்ததும் கர்னி காரைவிட்டு இறங்கி, கார்மீது விழும் குண்டுகளிலிருந்து விலகிச் சாலையோரமாக நடந்தார், அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். காருக்குள் குனிந்திருந்த மனைவி பிழைத்தார். கர்னி வருகிறார் என்று தெரிந்து போட்ட பதுங்கல் அது இல்லை, தற்செயல்தான் என்று கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங் பின்னாளில் சொன்னார். எப்படியானாலும், குளிரும் கோல்ஃபும் தேடி அதிகாரிகள் பயமில்லாமல் ஏறிய பாதை அது என்ற நினைப்பு அன்றோடு போய்விட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு திடல் மாறியதைவிடச் சுற்றியிருந்த உலகம்தான் மாறியது. 1965இல் லிம் கோ தோங் கெந்திங் மலையில் வேலையைத் தொடங்கினார். சூதாட்டம், கேபிள் கார், ஆயிரக்கணக்கில் அறை, மலைக்குப் பாதி வழியில் அவானாவில் 18 குழித் திடல் என்று அங்கே எல்லாம் பெரிசு பெரிசாக வந்தது. குடும்பத்தோடு குளிர் பார்க்கப் போகிறவர்கள் கெந்திங்குக்கும் ஸ்ட்ராபெரிக்காகக் கேமரனுக்கும் போக ஆரம்பித்தார்கள். பிரேசர் மலை கூட்டமில்லாமல் கிடந்தது. கிடந்ததாலேயே காடு பிழைத்தது, பறவை பார்க்கிறவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் வந்தார்கள், 1988இலிருந்து பறவைப் பந்தயம் என்று, யார் அதிக வகைப் பறவைகளைப் பார்க்கிறார்கள் என்ற ஒரு போட்டியும் நடந்துவருகிறது. பழைய திடல் பொதுத்திடலாக, காசு கட்டினால் யாரும் ஆடலாம் என்ற நிலைக்கு வந்தது. எந்தக் கோட்டுக்கு வெளியே நம்மவர்கள் பை தூக்கி நின்றார்களோ, அந்தக் கோடே இல்லை இப்போது. எனக்கு அந்தத் திடலில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இன்னொரு திடல் போட்டுப் பார்த்த கதையும் உண்டு. பின்னாளில் ஜெரியாவ் அருவிப் பக்கம் காட்டை வெட்டிப் புதிய கோல்ஃப் திடல் அமைத்தார்கள். அங்கே லம்பம் எதுவும் நிலத்தைத் தயார்செய்து வைத்திருக்கவில்லை, சரிவைப் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. மலைமழையில் வெறும் மண் நிற்குமா? இறங்கி ஓடி, அருவிக் குளத்தில் சேறாகப் படிந்தது. அந்தத் திடலும் நிலைக்கவில்லை. ஏற்கெனவே கெட்டுப்போன நிலத்தில் போட்ட சின்னத் திடல் நூறு வருஷமாக இருக்கிறது, நல்ல காட்டைக் கெடுத்துப் போட்டது நிற்கவில்லை. மலையில் கோல்ஃப் வேண்டுமா என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவேன்.

சிங்கப்பூரிலிருந்து பார்ப்பதால்தான் எனக்கு இதெல்லாம் இவ்வளவு உறைக்கிறதோ என்னவோ. இங்கே திடல்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. ஜூரோங் கன்ட்ரி கிளப் 2016இல் போனது, ராஃபிள்ஸ் 2018இல், கெப்பல் கிளப்பின் பழைய திடல் 2022இல், மரினா பே 2024இல். குத்தகை முடிந்தால் நிலம் அரசாங்கத்துக்கு. கெப்பல் நிலத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகள் வரப்போகின்றன, வீட்டுக்காக வரிசையில் நிற்கிற இளம் தம்பதிகளைப் பார்த்தால் அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நாளைக்கு அங்கே குடிவருகிறவர்களுக்கு, காலுக்குக் கீழே என்ன இருந்தது, அதற்கும் முன்னால் என்ன இருந்தது என்று யாராவது சொல்ல வேண்டும்.

அன்றைக்கு மலையிலிருந்து இறங்குவதற்கு முன்னால் மாமா திடலின் ஓரத்து ஓடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சாப்பிட்டு முடித்த நாசி லெமாக் பெட்டியின் மூடியைக் கழுவி, ஓடையின் வளைவில் மணலைக் கொஞ்சம் அள்ளினார். சின்ன வயதில் ஆற்றில் சீனப் பாட்டிமார்கள் டூலாங் என்கிற அரிப்புத் தட்டு வைத்து ஈயம் அரிப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். தண்ணீரோடு சேர்த்து மூடியை வட்டமாகச் சுழற்றிச் சுழற்றி, விளிம்பு வழியாக வெள்ளை மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டார். எழுபது வயது கை, நடுக்கமே இல்லை. கடைசியில் மூடியின் மூலையில் கடுகைவிடச் சின்னதாகக் கருப்பாக நாலைந்து மணிகள் தங்கின. ஈயக்கல்லா, வேறு ஏதாவது இரும்புக் கல்லா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. "மிச்சம் விட்டுட்டுப் போயிருக்கானுங்க" என்று சொல்லிக்கொண்டே மாமா அதை டிஷ்யூவில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.